35 பட்டியல்கள், 350 அணு ஆயுதங்கள்

2026 ஜனவரி 1 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன. 1992 ஜனவரி 1இல் தொடங்கிய இந்த வழக்கத்தில் இது 35ஆவது முறை. இந்தக் காலத்தில் 1999இல் கார்கில் போர் நடந்தது. 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, அதையடுத்து எல்லையில் படைகள் குவிந்தன. 2008இல் மும்பை, 2019இல் பாலாகோட், 2025 மே மாதத்தில் நான்கு நாள் சண்டை. பட்டியல் தவறிய ஆண்டுகள்: 0.

இதற்கான ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ராஜீவ் காந்தி, பெனசீர் பூட்டோ முன்னிலையில் கையெழுத்தாகி, 1991 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் அணு நிலையத்தை மற்றது தாக்கக் கூடாது என்பதே சாரம். ஒவ்வொரு நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் தரப்பட வேண்டும். பட்டியல் ரகசியமானது, ஆனால் ஒப்பந்தத்தின் வரையறையைப் பார்த்தால் கல்பாக்கம் அதில் இடம்பெறாமல் இருக்க வழியில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளுக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 45 கி.மீ. 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரியும்வரை இரண்டும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. அணுமின் நிலையத்தைச் சுற்றிய அவசரகாலத் திட்ட வட்டத்தின் ஆரம் 16 கி.மீ. உத்திரமேரூர் அந்த வட்டத்துக்கு ஏறக்குறைய 29 கி.மீ. வெளியே உள்ளது. அந்த 16 கி.மீ. உலை விபத்துக்குப் போட்ட கணக்கு, போருக்குப் போட்டதல்ல.

ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வகத்தின் மதிப்பீட்டில், 2015 தொடக்கத்தில் இந்தியாவிடம் 90 முதல் 110 அணு ஆயுதங்களும், பாகிஸ்தானிடம் 100 முதல் 120ம் இருந்தன. 2025 ஜனவரியில் அவை முறையே 180, 170. நடுமதிப்பை எடுத்தால் கூட்டுத்தொகை 210இலிருந்து 350 ஆகியிருக்கிறது. 10 ஆண்டுகளில் 67 சதவீத உயர்வு. அதே 10 ஆண்டுகளில் பட்டியல் 10 முறை கைமாறியது. இரண்டும் முரணல்ல. உலைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல், குண்டுகள் எத்தனை என்று சொல்வதில்லை. உலையைத் தாக்கக் கூடாது என்பதில் இரு தரப்பும் நேர்மையாக நடந்திருக்கின்றன. அந்த நேர்மையின் எல்லையும் அதுவரைதான்.

உலகக் கணக்கு வேறு மாதிரித் தெரியும். 2015இல் 15,850, 2025இல் 12,241, குறைவு 3,609. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து 14,760இலிருந்து 10,636க்கு இறங்கின, குறைவு 4,124. மற்ற ஏழு நாடுகளின் கையிருப்பு 1,090இலிருந்து 1,605க்கு ஏறியது. உயர்வு 515, அதாவது 47 சதவீதம். சீனா மட்டும் 260இலிருந்து 600.

இறங்கிய இரு நாடுகளும் ஒன்றையொன்று நம்பியதால் இறங்கவில்லை, எண்ணிப் பார்த்ததால் இறங்கின. 1987 டிசம்பர் 8இல் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட இடைதூர ஏவுகணை ஒப்பந்தப்படி 1991 ஜூன் 1க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சோவியத் பங்கு 1,846, அமெரிக்கப் பங்கு 846. 2010இன் நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் ஒவ்வொரு தரப்புக்கும் நிறுத்திவைத்த ஆயுதங்களின் உச்சவரம்பை 1,550 என வகுத்து, ஆண்டுக்கு 18 நேரடி ஆய்வுகளை அனுமதித்தது. 2020 மார்ச்சில் ஆய்வுகள் நின்றன. 2023 பிப்ரவரியில் ரஷ்யா பங்கேற்பை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5 ஒப்பந்தத்தின் கடைசி நாள். எண்ணுவது முதலில் நின்றது, ஒப்பந்தம் பிறகு.

கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. ஊர்ச் சபையின் வாரியத்துக்கு ஆள் தேர்ந்த குடவோலையில் பேர் எழுதும் தகுதியாக 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் என்று வரம்பு வகுத்த அதே சாசனம், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்குகிறது. உறவினரையும் விலக்கியது சற்றுக் கடுமைதான். ஆனால் மனத்தூய்மையை அளக்கச் சபை முயலவில்லை, கணக்கை மட்டும் கேட்டது.

இந்தியா, பாகிஸ்தான் இடையே அப்படிக் கணக்குப் பார்க்கும் ஆய்வுகள்: 0. சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பும் பகுதியளவுதான். 2006இல் இந்தியா வெளியிட்ட பிரிப்புத் திட்டத்தில் 22 வெப்ப நியூட்ரான் அணு உலைகளில் 14 கண்காணிப்புக்கு வந்தன, 64 சதவீதம். வெளியே நின்ற 8இல் 2 கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகள். அங்குள்ள வேக ஈனுலைகளும் திட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன.

இருக்கிற விதிகளிலும் ஓட்டை உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த ஏவுகணை, பாகிஸ்தானுக்குள் 124 கி.மீ. தாண்டி மியான் சன்னு அருகே விழுந்தது. இந்தியா பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2 நாள் கழித்து. 2005இன் முன்னறிவிப்பு ஒப்பந்தப்படி சோதனைக்கு 3 நாள் முன்பே தகவல் தர வேண்டும். ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள் இருக்கக் கூடாது. ஆனால் அது பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளுக்கு மட்டும். பாய்ந்தது பிரம்மோஸ், குரூஸ் வகை.

எண்ணுவது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஈரானுடன் 2015 ஜூலை 14இல் முடிந்த உடன்பாடு யுரேனியச் செறிவை 3.67 சதவீதம், கையிருப்பை 300 கிலோ என வரையறுத்தது. முகமையின் ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோதே, 2018 மே 8இல் அமெரிக்கா விலகியது. 2025 ஜூன் நடுவில் 60 சதவீதச் செறிவில் மட்டும் ஈரானின் கையிருப்பு, முகமையின் மதிப்பீட்டில், 440.9 கிலோ. அந்த ஆண்டு அமெரிக்காவும் ஈரானும் ஐந்து சுற்று பேசின. ஆறாவது சுற்று ஜூன் 15இல் மஸ்கட்டில் என்று குறித்திருந்தார்கள். ஜூன் 13இல் இஸ்ரேல் தாக்கியது. ஜூன் 22இல் அமெரிக்கா 3 அணு நிலையங்களைத் தாக்கியது. இந்தத் தாக்குதல்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர், மே மாத இந்திய, பாகிஸ்தான் சண்டையில், பாகிஸ்தானின் அணு ஆயுதத் திட்டத்தோடு தொடர்புபடுத்தப்படும் கிரானா குன்றுகளைத் தாக்கியதாக எழுந்த பேச்சை இந்திய விமானப்படை மறுத்திருந்தது.

2024இல் ஒன்பது நாடுகளும் அணு ஆயுதங்களுக்குச் செலவிட்டது, அணு ஆயுத ஒழிப்புக்கான ஐகேன் அமைப்பின் மதிப்பீட்டில், 10,020 கோடி டாலர். இந்தியா 260 கோடி, பாகிஸ்தான் 110 கோடி. இரண்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல். பட்டியல் பரிமாற்றத்துக்கு ஆகும் செலவு இரண்டு உறைகள்.

அணு ஆயுத நம்பிக்கை நடவடிக்கைகள் குறித்து இரு நாட்டு நிபுணர்கள் 2004 ஜூனில் பேசத் தொடங்கினர். ஏழாவது சுற்று 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்தது. அதன்பின் பட்டியல் 14 முறை கைமாறியது. எட்டாவது சுற்று நடக்கவில்லை.