கையில் நெருப்பு, காதில் சத்தமே இல்லை: ‘ஆர்கான் வெல்டிங்’ கற்றுக்கொள்வதில் அப்படி என்ன சுவாரஸ்யம்?

ஸ்ரீரங்கத்துப் புது அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கும்போது எவர்சில்வர் கைப்பிடியைப் பிடித்திருப்பீர்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தை அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாலிஷ் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. தேய்க்காமல் விட்டிருந்தால், மீன் செதில் அடுக்கின மாதிரி சின்னச் சின்ன வளைவுகள் தெரியும். நல்ல கையாக இருந்தால் லேசான தங்க நிறமும் இருக்கும். அதுதான் டிக் வெல்டிங். பட்டறையில் போய் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

காவிரியைத் தாண்டி, தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் போனால் இதே வேலை வேறு கனத்தில் நடக்கிறது. அங்கே ஒட்டுவது கைப்பிடியை அல்ல, மின்நிலையப் பாய்லரின் குழாய்களை.

திருச்சிக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?

1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருவெறும்பூரில் ‘பெல்’ நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. பாய்லர் என்பது எளிமையாகச் சொன்னால் குழாய்களின் காடு. ஒன்றோடொன்று ஒட்டிய இணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் ஊருக்கே வெல்டிங் தெரிய வேண்டிவந்தது. ஆலையைச் சுற்றிச் சிறு ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் பெல் வளாகத்தில் தொடங்கப்பட்டது.

குழாயின் உள்பக்கம் கை போகாது. வெளியில் இருந்தபடியே உள்விளிம்பு வரை சீராக உருக்கி ஒட்ட வேண்டும். ‘ரூட்’ என்று சொல்லப்படும் அந்த முதல் அடுக்கைப் பெரும்பாலும் ஆர்கானில்தான் போடுவார்கள். ராடு வெல்டிங்கில் மேலே படியும் கசடு இதில் இல்லை, உருகுவதும் கண்ணெதிரே தெரியும். அந்த அடுக்கு சரியில்லை என்றால் மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் எக்ஸ்-ரே காட்டிக் கொடுத்துவிடும். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, வெல்டர் அதைச் சுற்றி வளைந்து நெளிந்து ஒட்டும் ‘6ஜி’ தேர்வு இதற்காகத்தான். அதில் பாஸானவருக்குத் தொழிலில் தனி மரியாதை.

சரி, டிக் என்றால் என்ன?

ராடு வெல்டிங்கில் கையில் இருக்கும் ராடே எரிந்து கரைந்து ஒட்டும். சி.ஓ.2 வெல்டிங்கில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். டிக்கில் டார்ச் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி உருகாது. டங்ஸ்டனின் உருகுநிலை சுமார் 3,400 டிகிரி செல்சியஸ். அந்த ஊசிக்கும் இரும்புக்கும் நடுவில்தான் நெருப்பு. சுற்றிலும் ஆர்கான் வாயு போர்வை மாதிரி மூடி, காற்று உள்ளே வராமல் காக்கிறது. அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் 1941 வாக்கில் மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக உருவாக்கிய முறை இது. அப்போது ஆர்கானுக்குப் பதில் ஹீலியம்.

பொறி பறக்காது, படபட சத்தம் கிடையாது. மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி மட்டும். கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பட்டாணி அளவில் பளபளவென்று ஒரு குட்டை: உருகிய உலோகக் குட்டை. அந்தக் குட்டையை ஓட்டிக்கொண்டு போவதுதான் மொத்த வித்தையும். பலரும் இதில் சொக்கிப்போவது அந்தக் காட்சியைப் பார்த்துத்தான்.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் கம்பி. ஊசி நுனிக்கும் தகடுக்கும் இடைவெளி 2, 3 மில்லிமீட்டர்தான். கை லேசாக நடுங்கினாலும் ஊசி குட்டையில் முங்கும். முங்கினால் வேலையை நிறுத்தி, ஊசியைக் கழற்றி, கிரைண்டரில் மறுபடி கூர் தீட்ட வேண்டும். கோடுகள் ஊசியின் நீளவாக்கில் விழும்படித் தீட்டணும், வட்டமாக அல்ல. புதியவர் ஒருவர் ஒரு நாளில் இருபது முறை கிரைண்டருக்கு நடப்பது சாதாரணம். எல்லாரும் நடந்தவர்கள்தான்.

அதனால் முதலில் கம்பியையே தொட வேண்டாம். 2 மி.மீ. எம்.எஸ். தகடு, 60–80 ஆம்பியர், வெறும் டார்ச். குட்டையை உருவாக்கி நேர்கோட்டில் ஓட்டிப் பழகினால் போதும். நெருப்பு மூட்டாமலே ஒரு தடவை கையை ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. முழங்கை எங்கே முட்டுகிறது, மணிக்கட்டை எங்கே ஊன்றலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து கம்பி. கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, குட்டையின் விளிம்பில் தொட்டு எடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து வாசல்களில் கோலமாவை விரல் நடுவில் நழுவவிட்டு இழுக்கும் கைகளுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். மாவு நின்றால் கோடு அறும், கொட்டினால் தடிக்கும். இங்கேயும் அதே கதைதான்.

சுத்தம் இதில் பாதி வேலை. எண்ணெய், துரு, பெயின்ட் எது இருந்தாலும் குட்டை கொதித்துத் துப்பும். தகட்டைத் தேய்த்து அசிட்டோனால் துடைக்க வேண்டும், கம்பியையும்தான். முடித்ததும் டார்ச்சைச் சட்டென்று தூக்கக் கூடாது. சில விநாடி அப்படியே வைத்திருந்தால் ஆர்கான் தொடர்ந்து வந்து, ஆறும் உலோகத்தைக் காக்கும்.

திருச்சிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. ஃபேன் காற்று நேராகப் பட்டால் ஆர்கான் போர்வை கலைந்து வெல்டில் ஓட்டை ஓட்டையாக விழும். ஏப்ரல் வெயிலில் லெதர் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், எதிரே ஃபேன் கிடையாது. காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் புத்திசாலி.

எவர்சில்வருக்குப் போனதும் வெல்டின் நிறமே பரீட்சைப் பேப்பரைத் திருத்திவிடும். இளமஞ்சள், தங்கம் என்றால் நல்லது. நீலம் பரவாயில்லை. சாம்பலாகக் கருத்தால் சூடு அதிகம், அல்லது வாயு போதவில்லை. குழாயாக இருந்தால் உள்ளேயும் ஆர்கான் செலுத்தணும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிய வெல்லப்பாகு மாதிரி பொரிந்துவிடும். பால், மருந்துத் தொழிற்சாலைக் குழாய்களில் அந்தப் பொரிவுக்குள் கிருமி தங்கும். வழவழப்பான உள்பக்கத்துக்காகவே அங்கே டிக்கைக் கேட்கிறார்கள்.

வேலைக்கு உதவுமா?

2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, பெல்லை நம்பியிருந்த திருச்சியின் சிறு யூனிட்டுகள் பலவும் அடிபட்டன. ‘வெல்டிங் படிச்சா பெல்லுல வேலை’ என்ற பழைய கணக்கு இன்று அவ்வளவு நேரானதல்ல. ஆனால் கைப்பழக்கம் ஒரே ஆலைக்குச் சொந்தமில்லை. எவர்சில்வர் குழாய் வேலை இருக்கிறது. 2019-ல் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் இந்த ஊரும் ஒன்று. முறையாகப் படிக்க நினைப்பவருக்கு ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு ஓராண்டுதான். திருவெறும்பூரிலேயே அரசு ஐ.டி.ஐ. உள்ளது. லேப்டாப் வேலைக்கு நடுவில் வாரக்கடைசியில் ஆசைக்குப் பழக நினைப்பவர்கள், தெரிந்த பட்டறையில் ஒருவர் பக்கத்தில் நின்று தொடங்குவதே மேல். வீடியோ பார்த்து மெஷின் வாங்குவது அப்புறம்.

எதில் கவனம்?

டிக்கில் புகை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைத்துவிடுவார்கள். வெறும் கண்ணால் நெருப்பைப் பார்த்தால், ராத்திரி கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். அரைக்கைச் சட்டை போட்டால் கைத்தோல் வெந்துபோகும். காரணம், புற ஊதாக் கதிர். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கும். அதைத் தீட்டும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பழகுபவர் தோரியம் இல்லாத லாந்தனம் கலந்த ஊசியையே வாங்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட, ஆர்கானுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. காற்றைவிடக் கனமானது. மூடிய தொட்டிக்குள் தேங்கினால் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாமல் மயக்கம் வரும். காற்றோட்டத்துக்கு வழி செய்து, வெளியே ஆள் நிறுத்தி, ஆக்சிஜன் அளவைச் சோதிக்காமல் எந்த டேங்குக்குள்ளும் டார்ச்சோடு இறங்க வேண்டாம்.