கப்பல் மயக்கமும் புகை மயக்கமும்

கடல் கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடக்கும்போது ஒருவருக்குக் கப்பல் மயக்கம் வருவானேன்? சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதக் காலைப்பொழுது ஒன்றில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மாண்டவாவிலிருந்து மும்பைத் துறைமுகத்தை நோக்கி நண்பர் ஒருவரின் பாய்ப்படகில் வந்துகொண்டிருந்தோம். காற்று அறவே இல்லை. பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு டீஸல் எஞ்சினை ஓட்டினோம். மேல்தட்டில் இருந்த எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. கீழே அறையில் படுத்திருந்த இருவரோ ஒரு மணி நேரத்துக்குள் தலைவலி என்றனர். அவர்களுள் ஒருவர் வாந்தியும் எடுத்தார். பழக்கமில்லாதவர்கள், கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நகைத்தோம். மேலே வந்து நெடுநேரம் காற்றாட அமர்ந்த பின்னரே அவர்கள் தெளிந்தனர். நாங்கள் நகைத்தது தவறு என்பது மறுநாள் எஞ்சின் அறையைத் திறந்தபோது விளங்கிற்று. உள்ளே ஒரு மூலை முழுவதும் மை பூசினாற்போல் கறுத்திருந்தது.

எஞ்சின் புகையில் கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டு. இரத்தத்திலுள்ள ஹீமோக்ளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வேட்கையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் டீஸல் எஞ்சின் வெளியிடுவது மிகக் குறைவே. ஆயினும் மூடிய சிற்றறையில் அந்தக் குறைவும் தீங்கு செய்யப் போதும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் மூக்குக்கு எட்டும் நெடி, புகையிலுள்ள வேறு பொருள்களுடையது. ஆகவே நெடி குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று கொள்ளலாகாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகிய இதன் அறிகுறிகள் அனைத்தும் கப்பல் மயக்கத்துக்கும் உரியவை. இரண்டுமே மேல்தட்டுக்கு வந்தால் தணியத்தக்கவை. கடலில் இந்த நச்சு ஏமாற்றிவிடுவது இதனாலேதான்.

கசிவைத் தேடுமுன் புகை செல்லும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். சிலிண்டர்களிலிருந்து சில நூறு டிகிரி வெப்பத்தோடு வெளிப்படும் வாயு, மானிபோல்ட் என்னும் இரும்புக் குழலில் ஒன்றுகூடி, 'எல்போ' எனப்படும் வளைகுழாய்க்கு வருகிறது. எஞ்சினைக் குளிரச் செய்துவிட்டு வரும் கடல்நீர் அங்கேதான் புகையோடு கலக்கிறது. அதன்பின் புகை சூடு தணிந்து, ரப்பர்க் குழாய் வழியே நீர்ப்பெட்டி ஒன்றில் புகுந்து, படகின் பின்புறத்தில் நீரோடு சேர்ந்து வெளியேறுகிறது. நீர் கலக்குமிடத்துக்கு முன்னுள்ள பகுதி உலர்ந்தது, பின்னுள்ளது ஈரமானது. உலர்ந்த பகுதி கசிந்தால் கரி படியும். ஈரப் பகுதி கசிந்தால் வெண்ணிற உப்புப் பொருக்கும், துருக்கோடும், நீர்ச் சொட்டும் காணப்படும்.

உள்ளே நெடி வந்தால் உடனே எஞ்சினைக் குற்றம் சொல்லவும் கூடாது. பின்னாலிருந்து மெல்லிய காற்று வீசும்போது, முறையாக வெளியேறிய புகையே சுழன்று படிவாயில் வழியாக அறைக்குள் இழுக்கப்படுவதுண்டு. படகின் திசையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் இது புலப்பட்டுவிடும். சூடான இரும்பின்மேல் எண்ணெய் சொட்டினாலும் நெடி எழும். தேய்ந்த எஞ்சினில், அடிப்பெட்டியின் ஆவி வெளியேறும் சிறு குழாயும் புகை கக்கும்.

இவையல்ல என்று தெளிந்த பிறகு, குளிர்ந்த எஞ்சினில் வேலையைத் தொடங்குக. ஒரு டார்ச் விளக்கும், முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் போதும். கண்ணுக்கு நேரே தெரியும் பக்கத்தில் கசிவு இருப்பது அரிது. அடியிலும் பின்புறத்திலுமே இருக்கும். காற்று வடிகட்டியையும் பாருங்கள். எஞ்சின் தன் அறையிலுள்ள காற்றையே உறிஞ்சுவதால், கசியும் கரி வடிகட்டியை அடைத்துவிடும். எஞ்சின் வலிமை குன்றிக் கரும்புகை தள்ளும். இழுவை குறைந்துவிட்டது என்று எரிபொருள் பம்பைப் பழிப்போர் உண்டு.

கண்ணுக்குச் சிக்காவிடில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஊதுவத்தி ஒன்றைப் பிடித்து வருக. எரிபொருளோ பாட்டரியின் வாயுவோ சூழ்ந்த இடத்தில் மட்டும் இது கூடாது. நேராக எழும் புகையிழை ஓரிடத்தில் திடீரென விலகிச் சிதறினால் அங்கே கசிவு இருக்கக்கூடும். வெள்ளைத் தாளைக் காட்டினால் அதில் கரிப்புள்ளி விழும். ஓடும் பெல்ட்டின் அருகே தொங்கும் துணியோ தளர்ந்த சட்டைக் கையோ ஆகாது. இதனினும் நம்பத்தக்க முறை ஒன்றுண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரப்பர்க் குழாயைக் கழற்றி, எல்போவின் நீர்த்துளையை அடைத்து, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையை எல்போவின் வாயில் பொருத்தி ஊதச் செய்க. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். சைக்கிள் ட்யூபில் ஓட்டை தேடும் கலைதான் இது.

பெரும்பாலும் குற்றவாளி எல்போவே. கொதிக்கும் வாயுவும் உப்பு நீரும் சந்திக்கும் இடமாதலின் உள்ளிருந்தே அரித்துப்போகும். பம்புகளில் விற்கும் டீஸலின் கந்தகம் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. உப்பின் அரிப்போ குறையவில்லை. வெளியே சுற்றியுள்ள வெப்பத்தடைத் துணி, ஓட்டையை மறைத்துவிடும். பழைய படகாயின் அத்துணி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைப் பிய்த்துத் தூசி எழுப்புவது புகையினும் கேடு. மும்பையில் மழைக்காலத்துக்கு முன் படகுகளைக் கரையேற்றும்போது எல்போவைக் கழற்றிப் பார்ப்பது நன்று. சிறு சுத்தியலால் தட்டினால், நலிந்த உலோகம் மந்தமான ஓசை தரும். பசை பூசி அடைப்பது துறைமுகம் வந்து சேரும் வரைக்குமே உதவும்.

ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு உண்டா எனக் காண்க. நீர்ப்பம்பின் இம்பெல்லர் என்றேனும் உடைந்து, நீரின்றிப் புகை மட்டும் சென்றிருந்தால், குழாயின் உட்புறம் வெந்திருக்கும், வெளியே தெரியாது. இன்னொரு எச்சரிக்கை: எஞ்சின் பற்றாமல் பலமுறை ஸ்டார்ட்டரைச் சுழற்ற நேர்ந்தால், கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்றுக. இல்லையேல் நீர்ப்பெட்டி நிறைந்து, தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே புகுந்துவிடும். பற்றிக்கொண்டதும் வால்வை மறவாமல் திறந்துவிடுக.

நண்பரின் படகில் எல்போவின் அடிப்புறத்தில், துணிக்குக் கீழே, விரல் நுழையும் ஓட்டை இருந்தது. அருகிலிருந்த கேஸ்கட்டும் கருகிப்போயிருந்தது. இரண்டையும் மாற்றினார். படுக்கைக்கருகே கார்பன் மானாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொருத்தினார். அடுத்த மாதம் அவ்விருவரும் மீண்டும் எங்களோடு வந்தனர். அன்றும் காற்றில்லை; எஞ்சினை ஓட்டித்தான் திரும்பினோம். அவர்கள் கீழே படுத்து நன்றாக உறங்கினர். நான்தான் அரை மணிக்கொருமுறை இறங்கிச் சென்று, எழுப்பி எழுப்பிப் பார்த்து, அவர்களிடம் ஏச்சு வாங்கினேன்.