நிமிர்ந்து நின்ற தொலைக்காட்சிப் பெட்டி

கார் நிக்கோபாரில் எங்கள் அரசுக் குடியிருப்பில் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பெட்டி. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் வந்தது. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் மூலையில் வைத்திருந்தோம். சென்ற விடுமுறையில் உறவுக்காரப் பையன் ஒருவன் கொடுத்த பழைய விளையாட்டுச் சாதனத்தை என் மகள் அதில் பொருத்தினாள். விமானம் பறந்து சுடும் ஆட்டம். சற்று நேரத்தில், "அப்பா, படம் நடுவில் ஒல்லியாகத்தான் வருது, இரண்டு பக்கமும் கறுப்பு" என்றாள்.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். காசு போட்டு ஆடும் கடைகளுக்காகச் செய்த இத்தகைய ஆட்டங்கள் பலவற்றில் படம் அகலத்தைவிட உயரம் கூடியது. ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 1978-ல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', நாம்கோவின் 'கலாகா' (1981), காப்காமின் '1942' (1984) எல்லாம் இவ்வகைதான். எதிரி மேலிருந்து இறங்குவான், நாம் கீழிருந்து சுடுவோம். அதனால் கடைப் பெட்டிகளில் குழாயையே பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தினார்கள். இதை ஜப்பானியர் 'தாத்தே' என்பார்கள். நம் தாத்தாவுக்கும் இதற்கும் உறவில்லை. செங்குத்து என்று பொருள்.

கணக்கும் எளிது. நம் பெட்டியில் படம் தெரியும் பரப்பு 28 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தான ஆட்டம் அதில் 16 செ.மீ. அகலத்தைத்தான் பிடிக்கும். திரையில் 100-க்கு 56 பங்குதான் பயன்படுகிறது. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் முழுத்திரையும் கிடைக்கும். இன்றைய அகலத்திரைப் பெட்டிகளில் நிலைமை இன்னும் மோசம், 42 பங்குதான். ஆனால் ஆட்டத்தின் அமைப்புப் பட்டியலில் படத்தைத் திருப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பெட்டி நிமிர்ந்தாலும் படம் படுத்துக்கொண்டுதான் இருக்கும்.

மகள் கேட்டாளே என்று, ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே மெத்தையின் மேல் சாய்த்தேன். இதில் மூன்று தவறுகள் செய்தேன். அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் தவறு வண்ணத்தில் தெரிந்தது. ஒரு மூலை பச்சையாகவும் மற்றொரு மூலை ஊதாவாகவும் மாறிவிட்டது. குழாயின் பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கதிர்கள் துளைத் தகடு ஒன்றின் வழியே புகுந்து சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளில் பிசகாமல் விழ வேண்டும். பூமியின் காந்தப்புலம் இந்தக் கதிர்களைச் சற்றே வளைக்கிறது. பெட்டியை இயக்கும்போது 'டும்' என்று ஒரு ஒலி கேட்குமே, அப்போது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் தகட்டின் பழைய காந்தத்தை நீக்கி, பெட்டி இருக்கும் நிலைக்கு அதைப் பழக்குகிறது. ஓடும்போதே திருப்பினால் பழைய பழக்கமே நீடிக்கும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். அந்தச் சுருளின் துணைக்கருவி சூடு ஆற அரைமணி நேரம் விட்டுப் பிறகு இயக்குங்கள்.

இதில் நம் தீவுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. டில்லிப் பக்கம் காந்தப்புலம் சரிந்து தரைக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள கார் நிக்கோபாரிலோ அது கிட்டத்தட்டக் கிடையாக வடக்கு நோக்கிச் செல்கிறது. (கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை ஏவ இடம் தேர்ந்ததும் இந்தக் காந்த நடுக்கோட்டை வைத்துத்தான்.) பெட்டியைச் சாய்த்தபின் வண்ணக் கோடுகள் கிடையாகிவிடுகின்றன. அப்போது திரை கிழக்கையோ மேற்கையோ பார்த்தால், கதிர்கள் மேலும் கீழும் நகர்ந்து பக்கத்து வண்ணக் கோட்டில் விழக்கூடும். வடக்கோ தெற்கோ பார்த்து வைத்தால் இத்தொல்லை குறைவு. நான் தெற்கு நோக்கித் திருப்பி, ஆறவிட்டு இயக்கினேன், வண்ணம் சீரானது.

இரண்டாவது தவறு மெத்தை. பெட்டியின் காற்றுத் துளைகளை அது அடைத்துவிட்டது. கால்மணி நேரத்தில் சூட்டு வாடை வந்தது. துளை இல்லாத பக்கம் கீழே வரும்படி, கடினமான மரப்பலகை மேல்தான் வைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அணைத்த பிறகும் குழாயில் தங்கியிருக்கும்.

மூன்றாவது தவறுதான் பெரியது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "சார், நேரா வெச்ச பொருளே இந்த ஊர்ல நிக்காது. இதைச் சாய்ச்சு வெச்சு அதுக்கு முன்னால குழந்தையை உட்கார வெச்சிருக்கீங்களே?" என்றார். வெட்கமாகிவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் நிலநடுக்கமும் சுனாமியும் இத்தீவை என்ன செய்தன என்பதை இங்கு யாரும் மறக்கவில்லை. சிறு அதிர்வுகள் இன்றும் வருகின்றன. கண்ணாடிக் குழாய்ப் பெட்டியின் கனமெல்லாம் முன்பக்கம்; பத்துக் கிலோ கண்ணாடி ஒரு பிள்ளை மேல் கவிழ்ந்தால் விளையாட்டு வினையாகிவிடும்.

அன்றே தச்சரிடம் சொல்லி, மூன்று பக்கமும் அணைக்கும் மரச்சட்டம் செய்து சுவரோடு திருகினேன். பெட்டியைத் தரைமட்டத்தில் அதற்குள் இறக்கி, நாடாவால் கட்டினேன். துளைகளுக்குச் சுற்றிலும் நான்கு விரற்கடை இடம் விட்டேன்.

தட்டைத்திரை வைத்திருப்போருக்கு இவ்வளவு சிரமமில்லை. அதில் காந்தத் தொல்லை கிடையாது. பின்னால் திருகுத் துளைகள் சதுரமாக (75 அல்லது 100 மி.மீ.) இருந்தால், சுவர்த் தாங்கியில் அப்படியே திருப்பிப் பொருத்தலாம். மலிவான சில திரைகளில் மட்டும், திருப்பியபின் இடப்பக்கமிருந்து பார்ப்பவருக்கும் வலப்பக்கமிருந்து பார்ப்பவருக்கும் நிறம் வேறுபடும்.

இப்போது மாலையில் ஒரு மணி நேரம் என் மகள் ஆடுகிறாள். நான் தோற்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து பார்க்கிறார்; ஆட்டத்தை அல்ல, நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று.