உஷார்! இலவசக் கண் முகாமுக்கு ஆயாவை அனுப்புகிறீர்களா?

கிளியனூர், மரக்காணம் பக்கம் உப்பளத்து வெயிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெரியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. முகாம் வேன் வந்தால் ஏற்றிவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உஷார்!

2008 ஜூலையில், அன்றைய நம் விழுப்புரம் மாவட்டத்துக் கடுவனூரில் இலவச முகாம். திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையின் பெரம்பலூர் கிளையில் ஆபரேஷன். கிருமி தொற்றி 66 பேருக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை போயிற்று. சி.பி.ஐ. வரை போன வழக்கில் திருச்சி கோர்ட் மூன்று பேருக்கு ஓராண்டு சிறை விதித்தது 2021-இல்! உத்தரப் பிரதேசம் குர்ஜாவில் 1986-இல் லயன்ஸ் கிளப் நடத்திய முகாமில் 84 பேர் ஒரு கண்ணை இழந்தார்கள். முன்பே தந்த 5,000 ரூபாயோடு தலைக்கு இன்னொரு 12,500 கொடுக்கச் சொல்லி 1989-இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு கண்ணுக்கு அவ்வளவுதான்.

"ஓசியில செஞ்சதுக்குக் கேஸா?" என்று அதட்டினால் பயந்துவிடாதீர்கள். வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், அங்கே இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் நுகர்வோர்தான். எல்லோருக்குமே இலவசம் என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தர்ம ஸ்தாபனம் என்பதற்காகத் தப்பிக்க முடியாது என்று அமெரிக்க ஃபெடரல் கோர்ட் ஒன்றும் 1942-இல் சொன்னது.

கேஸ் நிற்பது காகிதத்தில். டிஸ்சார்ஜ் சீட்டு, உள்ளே வைத்த லென்ஸின் ஸ்டிக்கர், சொட்டு மருந்து பாட்டில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவக் குறிப்புகளைத் தந்தாக வேண்டும். வெற்றுத் தாளில் ஆயாவின் கைநாட்டு விழவே கூடாது. "இந்தா பத்தாயிரம், முடிச்சுக்கலாம்" என்று நீட்டும் தாளிலும்தான்.

அதைவிட அவசரம் ஒன்று உண்டு. ஆபரேஷன் ஆன கண் குத்துகிறது, சிவக்கிறது, மங்குகிறது என்றால், "சொட்டு மருந்து விடுங்க, சரியாயிடும்" என்று போனில் சொல்வதை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். உள்ளே சீழ் பிடித்தால் பார்வை மணிக்கணக்கில் போய்விடும். அன்றைக்கே புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டே வருஷக் கெடு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு: 15100-க்கு போன் போடுங்கள்.