குண்டு விழுந்த ஊரும் அம்பு தைத்த பலகையும்

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் உண்டு. குண்டும் குழியுமாகக் கிடப்பதால் வந்த பெயர் அல்ல. அப்படிப் பெயர் வைக்கத் தொடங்கினால் மாவட்டத்தில் பாதிச் சாலைகளுக்கு அதே பெயர்தான் வைக்க வேண்டிவரும். இது பீரங்கிக் குண்டு.

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பின்னால் பேர் பெற்றது அதுதான். நிலத்தை அளக்கச் சங்கிலியும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்று பேச்சு. கோட்டையிலிருந்து பீரங்கியை வெடித்தால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். நாலா திசையிலும் வெடித்தார்கள். வளைத்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் ஆயின.

குறியே பார்க்காமல் அடித்த அடி. விழுந்த இடமெல்லாம் லாபம்!

அதே இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர் மதுவிடுதிகளில் வளர்த்தெடுத்த டார்ட்ஸ் என்ற அம்பெறியும் விளையாட்டு இதற்கு நேர் எதிர். ஏழே முக்கால் அடி தூரத்தில் கற்றாழை நாரை இறுக்கிச் செய்த வட்டப் பலகை. உச்சியில் 20 என்ற கட்டம். அதன் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. கிட்டத்தில் விழுந்தவனுக்குத்தான் கடும் தண்டனை. மும்மடங்கு வளையத்தில் தைத்தால் 60 புள்ளி. ஒரு விரற்கடை விலகினால் ஒற்றைப் புள்ளி. 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு 8 மில்லி மீட்டர் அகல இரட்டை வளையத்திலோ நட்டநடுப் புள்ளியிலோ தைத்தாக வேண்டும். ஒரு புள்ளி மிஞ்சினாலும் அந்த முறை எறிந்தது அத்தனையும் செல்லாது. வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு கறார் காட்டமாட்டார்.

இந்த விளையாட்டின் உலகச் சாம்பியன் போட்டி ஆண்டுதோறும் மார்கழியை ஒட்டி, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கிறது. 2025 டிசம்பரில் தொடங்கிய போட்டியில் முதன்முறையாக 128 பேர். அவர்களில் ஒருவர் இந்தியாவின் நிதின் குமார். 2014-லேயே உலகக் கோப்பையில் அஷ்ஃபாக் சய்யதுடன் சேர்ந்து இந்தியாவுக்காக ஆடியவர். சாம்பியன் போட்டிக்கு முன்பும் போயிருக்கிறார், முதல் சுற்றிலேயே திரும்பியும் இருக்கிறார். இந்த முறை நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என வென்றார். அந்த மேடையில் ஓர் இந்தியர் வென்ற முதல் ஆட்டம் அதுதான்.

இறுதிப் போட்டி 2026 ஜனவரி 3. அன்றுதான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். ஊர் நடராஜரைச் சேவித்து, திருவாதிரைக் களி உண்டு உறங்கப்போன பிறகு, இந்திய நேரப்படி நள்ளிரவைத் தாண்டி, லூக் லிட்லர் 7-1 என கியான் வான் வீனை வீழ்த்தினார். பரிசு 10 லட்சம் பவுண்டு. சுமார் 12 கோடி ரூபாய். லிட்லருக்கு அப்போது வயது 18.

டார்ட்ஸ் உலகில் ஆசியாவின் பேரை ஒலிக்கச் செய்தவர் சிங்கப்பூரில் பிறந்த பால் லிம். 501-ஐ ஒன்பதே அம்பில் முடிப்பது டார்ட்ஸில் உச்சம். அதற்குக் குறைவாக முடிக்க வழியே இல்லை. 1990 உலகச் சாம்பியன் போட்டியில் அதை முதன்முதலாகச் செய்தவர் அவர். அதற்காகத் தந்த தனிப் பரிசு 52,000 பவுண்டு. கோப்பையைத் தூக்கிய பில் டெய்லருக்குக் கிடைத்ததோ 24,000! சாதனைக்குக் கிடைத்தது சாம்பியனின் பரிசைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

2017 டிசம்பரில், 63 வயதில், கேரி ஆண்டர்சனுக்கு எதிராக லிம் அதே விளிம்பில் மறுபடி நின்றார். எட்டு அம்புகள் சொன்னபடி கேட்டன. மிச்சம் 24, வேண்டியது 12-ன் இரட்டை வளையம். அரங்கமே எழுந்து நின்றது. ஒன்பதாவது அம்பு தப்பியது. குண்டு உப்பலவாடிக் கணக்காக இருந்திருந்தால் அது விழுந்த இடத்தையும் அவர் பேருக்கே எழுதியிருப்பார்கள்.

(தொடரும்)