எரிமலை மேலே கொண்டுவந்த பச்சைக் கல்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் நகைக்கடைகளில் பச்சைக் கல் பதித்த மோதிரத்தைக் கண்டால், நம்மில் பலர் உடனே 'மரகதம்' என்று சொல்லிவிடுவோம். பச்சையாக இருப்பதெல்லாம் மரகதம் அல்ல. ஆகஸ்டு மாதப் பிறப்புக் கல்லாக விற்கப்படும் பெரிடாட் வேறொரு கனிமம். நல்ல மரகதம் அடர்பச்சை. பெரிடாட்டோ வாழைக்குருத்தைப் போல மஞ்சள் கலந்த இளம்பச்சை.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பட்டை தீட்டிய கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் மேலிருந்து பாருங்கள். பெரிடாட்டில் அடிப்பக்கப் பட்டைகளின் ஓரக்கோடுகள் இரண்டிரண்டாகத் தெரியும். தன்னுள் நுழையும் ஒளிக்கதிரை அது இரண்டாகப் பிரிப்பதே காரணம். மரகதத்தில் இந்த இரட்டிப்பு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது.

ஒலிவின் என்ற கனிமத்தின் தெளிவான, நகைத் தரமான வடிவமே பெரிடாட். மக்னீசியம், இரும்பு, சிலிக்கன், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்தது ஒலிவின். பச்சை நிறத்தைத் தருவது அதிலுள்ள இரும்பு.

இது எங்கிருந்து வருகிறது? பூமியை அவித்த முட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்பது ஓட்டின் மேல். அதற்கடியில் வெள்ளைக்கருவின் இடத்தில் இருப்பது மூடகம். மூடகத்தின் மேற்பகுதியில் மிகுதியாக இருக்கும் கனிமம் ஒலிவின்தான். கண்டங்களின் ஓடு பொதுவாக 30 முதல் 50 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையே 12,262 மீட்டரில் நின்றுவிட்டது. நம்மால் எட்ட முடியாத அந்த ஆழத்துப் பாறையை எரிமலைதான் நமக்கு மேலே கொண்டுவந்து தருகிறது.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலிவின் எரிமலைக் குழம்பைவிட அடர்த்தியானது. குழம்பு மெதுவாக ஏறினால் மூடகப் பாறைத் துண்டுகள் கீழே அமிழ்ந்துவிடும். அவை மேலே கிடைக்கின்றன என்றால், குழம்பு வேகமாக ஏறியிருக்க வேண்டும். சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் அது தரையை எட்டியிருக்கும் எனக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சான் கார்லோஸில் பசால்ட் எனும் கரும்பாறையை உடைத்து எடுக்கும் பெரிடாட், இப்படி வந்து சேர்ந்ததே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைத் தேட வேண்டாம். இங்கே மலைகள் கிரானைட். பத்துமலை சுண்ணாம்புப் பாறை. கிரானைட் குழம்பில் சிலிக்கா மிகுதி. மக்னீசியம் மிகுந்த ஒலிவின் அதனுடன் வினைபுரிந்து வேறு கனிமமாக மாறிவிடும்.

ஆனால் கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் கதை மாறுகிறது. குவாந்தானுக்கு அருகில் உள்ள பத்து ஹித்தாம் கடற்கரையின் கறுப்புப் பாறைகள் பசால்ட். சுமார் 1.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பாறை வகை அது. அதிலும் ஒலிவின் உண்டு. மோதிரத்தில் பதிக்கும் அளவுக்கு அல்ல, பொடி மணிகளாக.

ஹவாய்த் தீவின் பாப்பகோலேயா கடற்கரையில் ஒலிவின் மணிகள் குவிந்து மணலே பச்சையாகக் கிடக்கிறது. நம் குவாந்தானில் ஏன் அப்படி இல்லை? மணிகள் பொடியாக இருப்பது ஒரு காரணம். நம் வெயிலும் மழையும் மற்றொரு காரணம். எளிதில் சிதையும் கனிமங்களில் ஒலிவினும் ஒன்று. மழைநீர் மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இரும்பு மட்டும் துருப்பிடித்து மண்ணிலேயே தங்கிவிடும். துருவின் நிறம் சிவப்பு அல்லவா? குவாந்தான் வட்டாரத்தின் ஆழமான செம்மண் இப்படிப் பசால்ட் சிதைந்து உண்டானது. மலேசிய மண் வகைகளில் அதற்குக் 'குவாந்தான்' என்றே பெயர்.

எல்லாச் செம்மண்ணும் எரிமலை மண் அல்ல. ஆனால் நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் சில, இத்தகைய எரிமலைப் பாறை மண்ணில் அமைந்தவை. கடையில் காசு கொடுத்து வாங்கும் பச்சைக் கல்லின் உறவு, அங்கே காலில் ஒட்டிய செம்மண்ணாக இருந்திருக்கிறது.

பள்ளி விடுமுறையில் குவாந்தான் பக்கம் போனால், பத்து ஹித்தாமில் ஒரு லென்சோடு இறங்கிப் பாருங்கள். பாறையை உடைக்க வேண்டாம், பார்த்தாலே போதும்.