மருந்துக்கு மசியாத ஈஸ்ட்

நோய் உண்டாக்கும் ஈஸ்ட்களில் மருந்துக்கு அதிகம் முரண்டு பிடிப்பவற்றில் ஒன்று கேண்டிடா ஆரிஸ். பனஞ்சாறு கள்ளாவதில் பங்குள்ளதும் ஈஸ்ட்தான். கைக்குழந்தையின் நாக்கில் அக்கரமாகப் படியும் கேண்டிடா அல்பிகன்ஸும் ஈஸ்ட்தான். அக்கரம் பெரும்பாலும் எளிய மருந்துக்கே அடங்கிவிடும். ஆரிஸ் வேறு ரகம். ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் எடுத்த இதை 2009-இல் புது இனமாக விவரித்தார்கள். லத்தீனில் 'ஆரிஸ்' என்றால் காது. பெயரில்தான் காது, உயிரைப் பறிப்பது இரத்தத்தில் புகும்போது.

டெல்லியில் இரு மருத்துவமனைகளில் 12 பேரிடம் கண்ட ஆரிஸ் தொற்றை, வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2013-இல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆய்வகக் கருவிகள் இதை கேண்டிடா ஹெமுலோனி என்று தவறாகக் காட்டிவந்தன. பெயரே தவறினால் மருந்தும் தவறத்தானே செய்யும்.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சையின் செல்லும் மனித செல்லும் அமைப்பில் நெருங்கியவை. ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவைக்கும் மருந்து அதனால்தான் அரிது. பூஞ்சைச் சவ்வில் மட்டும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு உண்டு. அதைத் தயாரிக்கும் நொதியை ஃபுளுகோனசோல் முடக்கும். ஆரிஸோ நொதிக்கான மரபணுவைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. உள்ளே வந்த மருந்தைச் சவ்விலுள்ள பம்புகளால் வெளியே இறைத்தும் விடுகிறது. ஆம்போடெரிசின் பி அந்தக் கொழுப்பையே பற்றும், ஆனால் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். செல்சுவரைத் தாக்கும் எகினோகேண்டின்களே இன்று முதல் தேர்வு. அவற்றை ஊசிவழியாகத்தான் ஏற்ற முடியும்.

இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகிய நாடுகளின் 54 மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில் 93% ஃபுளுகோனசோலுக்கும், 35% ஆம்போடெரிசினுக்கும், 7% எகினோகேண்டினுக்கும் மசியவில்லை.

தோலிலும் கட்டில் கம்பியிலும் இது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மருத்துவமனைகளில் தரை துடைக்கும் சில கிருமிநாசினிகள் இதனிடம் பலிப்பதில்லை. குளோரின் கலந்தவை பலிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்தக்குழாயில் செருகிய குழாய்களும் இதற்குத் தோது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டெல்லியின் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் கேண்டிடா இரத்தத்தில் புகுந்த 15 கொரோனா நோயாளிகளில் 10 பேருக்கு ஆரிஸ்; அவர்களில் 6 பேர் இறந்தார்கள்.

மருத்துவமனைக்கு வருமுன் இது எங்கே வாழ்ந்தது? அந்தமானின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் ஆரிஸ் கிடைத்ததாக 2021-இல் அறிவித்ததும் சௌத்ரி குழுவினரே. அங்கு கிடைத்தவற்றில் ஒன்று மருந்துகளுக்கு அடங்கியது. அதிக வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் பூஞ்சைப் பட்டியலில் மிக அபாயமான நான்கில் ஆரிஸும் ஒன்று.